உன் மஜ்ஜை பார்த்த வேலை

போடோ,
மார்ச் 3

அன்புத் தம்பி எய்லிஃபுக்கு,

நீயும் மாரித்தும் குழந்தைகளும் சுகமா? போனில் பேசினால் வாய் வலிக்கிறது, திரையைப் பார்த்தால் கண் எரிகிறது. அதனால்தான் தாளும் பேனாவும்.

எனக்கு வயிறு எரிகிறது. புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றி இந்த மாதத்தோடு பத்து வருடம் முடிகிறதாம். இனி உங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனைக்கு வருடாந்தரப் பரிசோதனைக்கு வர வேண்டாமாம், உள்ளூர் டாக்டரே போதுமாம். சரியென்று அவரிடம் போய், கண், வாய், தைராய்டு, எலும்பு எல்லாம் இனி யார் பார்ப்பது என்று கேட்டேன். கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்காமலே, "புற்றுநோய் போயிருச்சுல்ல? இன்னும் என்ன வேணும்? சந்தோஷமா இருங்க" என்கிறார். பிழைத்தவளுக்கு வாய் எதற்கு, கண் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போல!

காபி குடித்தால் நாக்கு பற்றிக்கொள்கிறது. ஊறவைத்த ஹெர்ரிங் மீனைத் தொட்டே ஒரு வருடமாகிறது.

அன்புள்ள அக்கா,
தோருன்

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. டாக்டரோடோ நகராட்சியோடோ சண்டை போடாவிட்டால் உனக்குப் பொழுது போகாது. உன்னோடு அந்த வார்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? "கிடைச்ச உயிரை அனுபவிக்கத் தெரியல உங்க அக்காவுக்கு" என்று மாரித்கூடச் சொல்கிறாள்.

ஒவ்வொரு வருடமும் பரிசோதனையில் உன் பக்கத்து நாற்காலியில் நான்தானே உட்கார்ந்திருந்தேன்? நர்ஸ் கேட்கும்போதெல்லாம் "ஒரு குறையும் இல்ல" என்று சிரித்தவள் நீதானே? இப்போது திடீரென்று வாய், கண் என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

மஜ்ஜை ஏற்றிய நாளை வழக்கம்போல உன் இரண்டாம் பிறந்தநாளாக இங்கே கொண்டாடுகிறோம், வாசலில் பிறந்தநாள் கொடியேற்றி, கேக் வெட்டி. நான் கொடுத்தது அசல் சரக்கு, பெருமையாக வந்து சேர். அன்றைக்காவது புலம்பாதே.

தம்பி,
எய்லிஃப்

போடோ,
மார்ச் 19

எய்லிஃப்,

"அசல் சரக்கு" என்று எழுதினாயே, அதோடு என் பொறுமை போய்விட்டது. என் வாயையும் கண்ணையும் அரிப்பது உன் அசல் சரக்குதான். உன் மஜ்ஜையில் ஊறிய செல்கள் என் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்குகின்றன. கொடுத்தவன் என்ற பூரிப்போடு நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படியடா சொல்வேன்? ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவன் எனக்காக இடுப்பெலும்பைக் குத்தக் கொடுத்தாய். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! ரத்தப் பரிசோதனையைப் பார்த்து "பிரமாதம்" என்பார்கள். என் வாயைத் திறக்கச் சொன்னவர் இல்லை.

நேற்றுப் பல் டாக்டர்தான் நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டைப் பார்த்தார். "இத்தனை நாள் இதை யாருமே பாக்கலையா?" என்று கத்திவிட்டார். சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். மறுபடியும் புற்றுநோய் என்று வந்தால் நான் எங்கே போவேன்? எனக்குப் பொறுப்பு என்று சொல்ல இப்போது ஒரு டாக்டரும் இல்லை. பயமாக இருக்கிறது.

கேக்கை நீங்களே தின்னுங்கள். நான் வரவில்லை.

தோருன்

மார்ச் 24

அக்கா,

படித்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது, முதலில் உன்மேல். பத்து வருடமாக என்னைப் பால்குடிக் குழந்தையாகவா வைத்திருந்தாய்? யார் கேட்டது உன்னை?

அப்புறம் நேராக மருத்துவமனைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "அவங்க இப்ப எங்க நோயாளி இல்லைங்க" என்றாள்.

"என் மஜ்ஜை அங்க அட்டகாசம் பண்ணுது. நீங்கதானே எடுத்து ஏத்துனீங்க? ஓனர் புகார் குடுக்க வந்திருக்கேன். டாக்டர் வராம நகர மாட்டேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நம் ஆட்கள் பொது இடத்தில் இருமக்கூட யோசிப்பவர்கள் ஆயிற்றே, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மாலையில் டாக்டர் வந்தார். வரும் செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்க்கிறார். நாக்குப் பரிசோதனை முடிவையும் அவரே கேட்டு வாங்குகிறார். "இனிமே வருஷா வருஷம் பாப்பீங்களா?" என்றேன். "அது மேலிடத்து முடிவு" என்றார். அந்த மேலிடத்து வாசலிலும் போய் உட்காருவேன், விடமாட்டேன்.

கேக் இல்லை, கொடியும் இல்லை. திங்கட்கிழமை விமானத்தில் வா, நான் விமான நிலையத்தில் வந்து நிற்கிறேன். செவ்வாயன்று நான் வராந்தாவில் இருந்துகொள்கிறேன், உள்ளே டாக்டரிடம் என்னை ஆசை தீரத் திட்டு. ஆனால் காரில் ஏறுமுன் வாயைத் திறந்து முதலில் எனக்குக் காட்டு. உனக்குள் பத்து வருடமாக ஓடுவது என் ரத்தம். அது என்ன செய்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உன்
எய்லிஃப்