உடம்பைவிட்டுப் போகாத ஊசி

என் கோட்டிக்காரப் பொண்டாட்டிக்கு,

குற்றாலத்தில் சாரல் விடவில்லை. ஊரே அருவியில் நனைகிறது. எனக்கு டாக்டர் குடிக்கிற தண்ணீரையே அளந்து கொடுத்திருக்கிறார்.

கபடிக்கு எடை குறைக்க, தண்ணீர் குடிக்காமல் மழைக்கோட்டோடு ஓடுவேனே, அதில் கிட்னி கெட்டுவிட்டதாம். முழங்காலுக்குப் போட்ட ஊசி மருந்து போட்டிக்கு முன்பே உடம்பைவிட்டுப் போயிருக்க வேண்டும். கெட்ட கிட்னியால் வெளியே போகாமல் தங்கி, ஊக்கமருந்துச் சோதனையில் என்னை மாட்டிவிட்டது.

“கிட்னி கெட்டதச் சொன்னா தப்பிச்சிரலாம்லே” என்கிறார் கோச் அண்ணாச்சி. சொன்னால் கபடிக்காகக் கிடைக்கவிருக்கிற போலீஸ் வேலைக்கான மெடிக்கலில் கழித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் திருட்டுப்பயலுக்கு எவன் வேலை கொடுப்பான்?

உன் அப்பாவிடம் நான் ஊக்கமருந்து போட்டதாகவே சொல்லிவிடு. ஏசிவிட்டுப் போவார். நோயென்று தெரிந்தால், உன் கிட்னியைக் கேட்டுவிடுவேனோ என்று பயந்து பிறந்த வீட்டிலிருந்து உன்னை இங்கே அனுப்பவே மாட்டார்.

உன் வீட்டுக்காரன்