ஒரு ஆமாம், இன்னொரு ஆமாம்

காலையில் மாதா கோயில் கூடத்தில் இஞ்சி மிட்டாய் மூட்டையைப் பிரித்தேன். அந்தக் காரவாசனை மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. பைக்குள் போடுவதற்கு முன் உன் வாயில் ஒன்று போட்டுக்கொள்வாயே, அடிப்பாவி, அது ஞாபகம் வந்துவிட்டது. புற்றுநோய் என்று புதிதாகத் தெரிந்தவர்களுக்கு நாம் கட்டிய அதே பைதான் இப்போதும்: குமட்டலுக்கு மிட்டாய், மெத்தென்ற பல் பிரஷ், துண்டு, முடி கொட்டினால் தலையில் கட்ட ஒரு பருத்தித் துணி.

உன்னை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். திருவொற்றியூரிலிருந்து வந்திருந்தாய், மீன் விற்கிறவள். நான் ரயில்வே ஆபீசில் ரிட்டையரானவள். சேவை செய்கிற மிதப்பு வேறு. பையை நீட்டி, "தைரியமா இருங்க, கேன்சருக்கு இப்ப நல்ல மருந்து இருக்கு" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். பக்கத்தில் நின்ற உன் மகன் முகம் வெளுத்துப்போனது. வயிற்றுப்புண் என்றுதான் வீட்டில் எல்லோரும் உன்னிடம் சொல்லி வைத்திருந்தார்களாம். அவன் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது.

நீ அவனைக் கையமர்த்தினாய். துணியை எடுத்து விரித்துப் பார்த்தாய்.

"ஊரே தெரிஞ்சிகினு என்னாண்ட நடிச்சிகினு கீது. நீ ஒருத்திதான் சொன்ன" என்றாய்.

வைத்தியம் முடிந்து முடி முளைத்ததும் கூடத்துக்கு வந்துவிட்டாய். துண்டு மடிக்கத் தெரியாத ஆபீஸரம்மா என்று என்னைக் கிண்டல் செய்தே பொழுது போகும். பையைக் கொடுப்பதற்கு முன், டாக்டர் என்ன சொன்னார் என்று நோயாளியிடமே கேட்கவேண்டும் என்றாய். மறைக்கப் பார்க்கிற பிள்ளைகளைத் தனியே தள்ளிக்கொண்டு போய், அவங்க உடம்பு அவங்களுக்குத் தெரிய வேணாமா என்று சண்டை பிடிப்பாய். எனக்கு அந்தச் சண்டையெல்லாம் பார்க்கப் பிடிக்கும்.

அப்புறம் அது திரும்ப வந்தது. ஸ்கேன் முடிவோடு உன் மகன் நேராக என் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை திட்டவில்லை, கும்பிட்டான். இனிமேல் செய்வதற்கு எதுவுமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். அம்மா இருக்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கட்டும், இது மருந்துச் சூட்டில் வந்த வயிற்றுப்புண் என்றுதான் சொல்லியிருக்கிறேன், நீங்களாவது உண்மையைச் சொல்லாதீர்கள் என்று அழுதான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

மறுநாள் நீ பிரஷ்களை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாய்.

"இன்னாமே, திரும்ப வந்துடுச்சா?"

"ஆமாம்" என்றேன்.

நீ மீதி பிரஷ்களையும் அடுக்கி முடித்தாய். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய்.

"எனக்குத் தெரியும்னு எம்மவனாண்ட சொல்லிடாத. அவன் தாங்க மாட்டான்."

யார் என்ன சொன்னாலும் உண்மையைச் சொல்லு என்று சண்டை பிடித்தவள் நீ. கடைசிவரைக்கும் அவன் முன்னால் வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை கேட்டாய். அவனும் எடுத்துக் கொடுத்தான். நான் ஓரமாக உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவனும் பை கட்ட வருகிறான். துண்டை உன்னைவிட நன்றாக மடிக்கிறான். வேலை முடிந்து டீ குடிக்கும்போது அதையே சொல்வான், நேற்றும் சொன்னான்.

"அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது ஆன்ட்டி. நிம்மதியா போய்ச் சேந்துச்சி."

"ஆமாம்ப்பா" என்றேன்.