ஆடியது பிரேக், என் கால் அல்ல

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், ஆபரேஷன் செய்த முட்டி நலம், கார் எங்கள் எல்லோரையும்விட நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அந்த வறட்டு இருமல் விட்டதா என்று எழுது. போன வாரம் போனில் நீ "காரைக் குடுத்துடும்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வாய் குழறினால் அதையும் வயசுக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். கடிதத்தில் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் முழுதாகப் படி.

டயர் மாற்றிச் சில மாதம் ஆகியிருக்கும், பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் பெடல் என் பாதத்தைத் தட்டித் தட்டித் தள்ள ஆரம்பித்தது. உன் பெரியம்மாவை டயாலிசிஸ் முடித்துக் கூட்டிக்கொண்டு வருவேன், சிக்னலில் நிறுத்தினால் பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருப்பவள் "ஏண்டி, வண்டிக்கு என்ன விக்கலா?" என்பாள். கூடப்பிறந்தவன்தானே என்று இதை உன் மாமாவிடம் சொல்லித் தொலைத்தேன். அவன் "வண்டி எங்கே ஆடுதுக்கா, உன் கால்தான் ஆடுது" என்று ஒரே போடாகப் போட்டான். அதோடு விட்டானா? உனக்குப் போன் போட்டான், நீ எனக்குப் போட்டாய், அதற்குள் காரை வாங்கிக்கொள்ள அவன் ஆபீசில் ஒரு ஆளையும் பிடித்துவிட்டான். என் வண்டியை நான் இல்லாத இடத்தில் பேசி முடித்துவிட்டீர்கள்.

நானும் பயந்துதான் போனேன், இல்லையென்று சொல்லவில்லை. பெரியம்மா தூங்கிய பிறகு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைச் சுவரில் வைத்து பிரேக் போடுவதுபோல அழுத்தி, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை. மறுபடியும் அழுத்தினேன், ஆடவில்லை. ஆனாலும் சிக்னலில் போய் நின்றால் ஆடுகிறதே, ஒருவேளை தம்பி சொல்வதுதான் சரியோ என்று சந்தேகம் வந்தது. கார் இல்லாவிட்டால் பெரியம்மாவை எப்படிக் கூட்டிப் போவேன் சொல்? ஊசி எடுத்த கையைப் பிடித்துக்கொண்டு, தலைசுற்றலோடு, வாடகை வண்டி வருமா வராதா என்று ஆஸ்பத்திரி வாசலில் அவள் நின்ற காலமெல்லாம் உனக்குத் தெரியாது, நீ ஊரைவிட்டுப் போன பிறகு நடந்தது அது.

மெக்கானிக்கிடம் போனேன். பிரேக் பேடு தேய்ந்திருக்கிறது என்று புதிதாகப் போட்டுக் கொடுத்தார். நாலு நாள் சும்மா இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று அதே ஆட்டம். திரும்பப் போனால் "பழைய வண்டி அக்கா, அப்படித்தான் இருக்கும், பழகிக்கங்க" என்கிறார். ஆளாளுக்கு என்னைப் பழகிக்கொள்ளச் சொல்கிறார்களே என்று எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். மறுநாள் காலை ஆளில்லாத மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பிரேக்கைத் தொடாமல் ஓட்டினால் ஒரு அசைவும் இல்லை. மெதுவாக அழுத்தினாலும் தட்டுகிறது, ஸ்டியரிங்கும் சேர்ந்து நடுங்குகிறது, வேகம் கூடினால் தட்டலும் வேகமாகிறது. மெல்லப் போகும்போது ஹேண்ட்பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தேன், தட்டாமல் நடுங்காமல் நின்றது. அது பின்சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் அல்லவா, அப்படியானால் கோளாறு முன்சக்கரத்தில். என் கால்தான் காரணம் என்றால் ஸ்டியரிங் எதற்கடி நடுங்க வேண்டும்?

நேராக மாமா வீட்டு வாசலில் போய் நிறுத்தி, அவனை வெளியே கூப்பிட்டு, இந்த வண்டியை நீ ஓட்டு என்று சாவியைக் கையில் வைத்தேன். இத்தனை நாள் தீர்ப்பு சொன்னானே தவிர ஒரு தடவையும் ஓட்டிப் பார்த்ததில்லை. மெக்கானிக் கடைக்கு விடச் சொன்னேன். கடை முன்னால் பிரேக் போட்டவன் காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டு "அக்கா, எனக்கும் தட்டுதே" என்றான். "அப்போ உனக்கும் முட்டி ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்று கேட்டேன். மெக்கானிக் சிரித்தார். சிரித்தது போதும், சக்கரத்தைக் கழற்றி அளந்து காட்டுங்கள், அளக்காமல் நான் இங்கிருந்து நகரமாட்டேன் என்று அங்கிருந்த பழைய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதன்மேல் முள் வைத்த மீட்டர் ஒன்றைப் பொருத்தித் தட்டைச் சுற்றினார். முள் ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அவர் முகம் மாறிவிட்டது. தட்டைக் கழற்றினால் அது உட்காரும் இடத்தில் துரு பொருக்குத் தட்டிப் போயிருக்கிறது. அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்த தட்டு, சுற்றிச் சுற்றி ஒரே பக்கம் உரசி, ஓரிடம் மெலிந்து ஓரிடம் தடித்துவிட்டது. போதாக்குறைக்கு டயர் மாற்றிய அன்று காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளைக் கண்டபடி இறுக்கியிருக்கிறார்கள். "டயர் மாத்தினது நான்தாங்கா. பேடு போட்டப்பவே இதைப் பாத்திருக்கணும்" என்று அவராகவே சொன்னார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன். கடைந்து சமப்படுத்தினால் தட்டு அளவுக்கு மீறி மெலிந்துவிடும் என்பதால், முன்பக்கம் இரண்டுமே புதிதாகப் போட்டு, பேடையும் மாற்றி, துருவைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்து, நட்டுகளை அளவு காட்டும் ஸ்பானரால் எதிரெதிராக இறுக்கினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்குத் திரும்பும்போது பெடல் துளியும் ஆடாமல் நின்றது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும்வரை பெரியம்மா விழிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா பிடித்த ஆள் வந்தார். பாவம், நல்ல மனிதர், டீ கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கண்டிஷனில் இருக்கும்போதே கொடுத்துவிடலாமே என்றார். இவ்வளவு நல்ல கண்டிஷனில் இருப்பதால்தான் கொடுக்கவில்லை என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது, வருத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வண்டியில் என்ன கோளாறு என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு என்ன கோளாறு என்றுதான் கேட்டாய். வயது எனக்கும் ஏறுகிறது, தெரியாமல் இல்லை. ஒரு நாள் என் கால் உண்மையாகவே ஆடும். அன்றைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, நானே சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பேன். ஆனால் அந்த நாள் எதுவென்று நான்தான் சொல்வேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. உன் வண்டிக்கு டயர் மாற்றினால் பக்கத்தில் நின்று நட்டு இறுக்குவதைப் பார். பெரியம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கப்போகும்
உன் அம்மா