வலப்பக்கம் வாய் திறந்த சங்கு

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
12-3-1976

அன்புத் தம்பி இனிகோவுக்கு அக்கா விக்டோரியா எழுதுவது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அப்போது நீ இங்கே கடல் ஆராய்ச்சி ஆபீசில் வேலையில் இருந்தாய். உன் அத்தான் நம் சாப்பாட்டு மேசையில் சிப்பியை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தார். நீ என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு, "எக்கா, அத்தான் சிப்பியப் பாத்து வரையுதாவளா, இல்ல அதப் பாத்து தனக்கு வந்த சந்தோசத்த வரையுதாவளா?" என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் சொல்லுகிறேன் என்றேன். சொல்லவே இல்லை. இப்போது சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் மிரளுகிறது. தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. அத்தான் இறந்த நாற்பத்தொன்றாம் நாள் பூசை நல்லபடியாக நடந்தது. நீ வர முடியாததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டெல்லியிலிருந்து வருவதென்றால் சும்மாவா என்று நானே எல்லோரையும் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். கிளாடிஸுக்கும் பிள்ளைகளுக்கும் மக்ரூன் ஒரு டப்பா தனிப் பார்சலில் வருகிறது.

நீ கேட்ட படங்கள் அந்தப் பார்சலில் இல்லை.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஏப்ரலில் உங்கள் அலுவலகம் நடத்தும் கண்காட்சி, அதில் 'அறிவியலில் அழகு' என்று நீ பேசப்போகும் பேச்சு, அச்சில் வராத அத்தானின் படங்கள் நாற்பத்துமூன்றும் அங்கே சுவரில் தொங்கினால் எத்தனை பெருமை என்பதெல்லாம் விவரமாக எழுதியிருந்தாய். கலைஞன் உணர்ச்சியால் பார்க்கிறான், விஞ்ஞானி அறிவால் பார்க்கிறான், இரண்டும் சந்திக்கும் இடம் அழகு என்று பேசப்போவதாகவும் எழுதியிருந்தாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பழைய பிழையின் காரணமாகப் பெயர் போடுவதில் சிக்கல் இருக்கிறது, 'தூத்துக்குடி ஓவியர் ஒருவர்' என்று போட்டால் போதாதா என்று கேட்டிருந்தாய்.

ஒருவர். கஸ்பார் மோத்தா என்று எழுத எத்தனை எழுத்து கூடுதலாகிவிடும், தம்பி?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் முதல் நாளே வந்து போய்விட்டது. முப்பத்துநான்கு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். விடை தப்பாக இருந்தால் எந்த வரியில் தப்பியது என்று மேலிருந்து பார்ப்பேன். அப்படித்தான் இதையும் பார்த்தேன்.

மாதா கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும், தோணிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டும் இருந்தவரை, சிப்பி சங்கு பற்றிய உன் புத்தகத்துக்குப் படம் வரையக் கூப்பிட்டவன் நீதான். அதை நான் மறக்கவில்லை. நூற்றுப்பதினான்கு படம் வரைந்தார். ஒவ்வொரு சிப்பியையும் தண்ணீரில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பென்சிலை எடுப்பார். நீ எதிரே உட்கார்ந்து இடுக்கி அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதுவாய். "ஏலே, நீ அத அளக்கியா, கிச்சுகிச்சு மூட்டுதியா?" என்று கேட்பார். "அழகு பாத்தது போதும் அத்தான், வரிய எண்ணுங்க" என்று நீ சொல்லுவாய். நான் இரண்டு பேருக்கும் காப்பி வைப்பேன். இந்த வீட்டில் அதற்குப் பிறகு அத்தனை சிரிப்பு கேட்கவில்லை.

பிறகு முப்பத்தொன்றாம் படம் வந்தது. அதன் கதை எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்கும் தெரியும். புத்தகத்தில் 'சாதாரணச் சங்கு' என்ற பெயருக்கு மேலே வலம்புரிச் சங்கின் படம் இருந்தது. எதிர்ப்பக்கமாகச் சுருண்ட, லட்சத்தில் ஒன்று கிடைக்கும் சங்கை எல்லாக் கடையிலும் கிடைக்கும் சங்கு என்று அச்சடித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேலி செய்து எழுதினார். உடனே புத்தகத்துக்குள் ஒரு பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டினீர்கள். 'ஓவியரின் கற்பனையால் நேர்ந்த பிழை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அடுத்த அச்சில் அவர் பெயரையே எடுத்துவிட்டீர்கள்.

அந்தச் சீட்டை அவர் என்னிடம் கொண்டுவந்து, "இதுல என்ன போட்டிருக்கு டீச்சர்?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அச்சகத்துக்காரன் செய்த பிழை என்று போட்டிருக்கிறது என்றேன். பொய். உன்னைப் பற்றி அவர் மனதில் இருந்தது கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து உன் பழைய அலுவலகத்துக் குமாஸ்தா தாணுலிங்கம், சலூனில் பத்துப் பேர் இருக்கும்போது, "என்ன அண்ணாச்சி, சங்கக் கண்ணாடியில பாத்து வரைஞ்சிட்டியளாமே! உம்ம கற்பனையப் பத்தி சீட்டே ஒட்டியிருக்காவளே!" என்று கேட்டிருக்கிறான். பாதி முகச் சவரத்தோடு வீட்டுக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. "நீயுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மீதியை அவரே மழித்துக்கொண்டார். அதன் பிறகு படம் வரையவில்லை. புதுத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல்களின் பக்கவாட்டில் எண் எழுதினார். எண்ணில் கற்பனைக்கு இடமில்லை பார் என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதுவரை உனக்கும் தெரிந்திருக்கலாம். இனிமேல் எழுதுவது எனக்கே போன மாதம்தான் தெரியும்.

அவருடைய தூரிகைகளைச் சுத்தம் செய்துவைக்கத் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு சீட்டு இருந்தது. உன் கையெழுத்து. நீ மண்டபம் ஊரில் கேம்பில் இருந்தபோது எழுதியது. அவருக்கு ஆங்கிலம் தெரியாதே என்று அக்கறையாகத் தமிழில் எழுதியிருக்கிறாய்: 'அத்தான், வலப்பக்கம் வாய் திறந்த சங்கு ஒன்று, முழுப்பக்கத்துக்கு வரைந்து ஆபீசில் கொடுத்துவிடுங்கள்.'

எனக்குக் குழப்பமாக இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். அத்தான் வரைந்த வலம்புரியின் சொந்தக்காரர் ஹாமிது மரைக்காயர் அங்கேதான் இருக்கிறார். சங்கு வியாபாரி. அவர் வீட்டு முன்னறையில்தான் உன் அத்தான் பதினொரு நாள் உட்கார்ந்து அதை வரைந்தார். மரைக்காயர் சீட்டைப் படித்தார். உள்ளே போய் ஒரு சாதாரணச் சங்கைக் கொண்டுவந்தார். ஒடுங்கி நீண்ட வால் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்தார். எங்கள் ஊரில் சங்குக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். "வாய் எந்தப் பக்கம் டீச்சர்?" என்றார். இடப்பக்கம் என்றேன். கையைத் திருப்பிச் சுருள் பக்கத்தை மேலே கொண்டுவந்தார். உங்கள் புத்தகங்களில் எல்லாம் அப்படித்தான் நிற்கும். "இப்ப?" என்றார். அதே சங்குதான். வாய் வலப்பக்கம் இருந்தது.

இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும், இனிகோ. என் எதிரே நீ நின்றால் என் வலக்கைப் பக்கம் உன் இடக்கை இருக்கும். யார் சொல்லுவது பொய்?

எட்டு வயதில் பாளையங்கோட்டை போர்டிங்குக்குப் போனவன் நீ. சங்கைப் புத்தகத்தில் படித்தாய். அவர் சங்கைக் கையில் வாங்கிப் பழகினவர். வாலை மேலே பிடித்தால் வலப்பக்கம் வாய் இருப்பது வலம்புரிக்குத்தான்; உன் வார்த்தை அவருக்கு அப்படித்தான் பொருள்பட்டது. 'சாதாரணச் சங்குக்கா முழுப்பக்கம் குடுப்பான்?' என்று கேட்டுக்கொண்டு மூன்று வாரம் ஊர் ஊராக வலம்புரி தேடினார். வரைந்து கொடுத்த படத்தில் வால்தான் மேலே இருந்தது. உங்கள் ஆபீசில் யாரோ மற்றப் படங்களைப் போல் இருக்கட்டும் என்று அதைத் தலைகீழாக்கி அச்சுக்கு அனுப்பினார்கள். நீ ஊரில் இல்லை. இதில் யாருடைய கற்பனை எங்கே வந்தது?

மரைக்காயர் இன்னொன்றும் சொன்னார். அந்த வலம்புரியின் உதட்டில் ஒரு சிறு சில்லு போயிருக்கிறது. விலை குறையுமே என்று அவருக்குக் கவலை. "அந்தச் சில்ல மட்டும் விட்டுருங்க அண்ணாச்சி, அழகாத்தானே இருக்கணும்" என்று கேட்டிருக்கிறார். "அது அங்கன இருக்கே மரைக்காரே, நான் எப்படி விட?" என்றாராம். உன் புத்தகத்தில் முப்பத்தொன்றாம் படத்தை எடுத்துப் பார். சில்லு இருக்கும். அழகுக்காக உண்மையைத் திருப்பிப் போடுகிறவன் சில்லை வரைவானா?

அந்தச் சலூன் பேச்சு நடந்த வாரமே உன் அத்தான் இந்தச் சீட்டோடு காயல்பட்டினம் போயிருக்கிறார். எனக்குக் காட்டிய மாதிரியே மரைக்காயர் அவருக்கும் காட்டியிருக்கிறார். அவர் சங்கை வாங்கி மேலும் கீழுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாராம். "ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லிருக்கோம், பாத்தீரா?" என்றாராம். டெல்லிக்கு ஒரு கடுதாசி போடுங்க, இந்தச் சீட்ட வச்சே கேளுங்க என்று மரைக்காயர் சொல்லியிருக்கிறார். அதற்கு, "எழுதினா எம் பெஞ்சாதிக்குத் தம்பி இல்லாமப் போயிருவான். அவளுக்கு வேற யாரு இருக்கா?" என்றாராம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆத்தூர்ப் பாலம் வரை அந்தச் சீட்டையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றரை வருஷம் கப்பலில் எண் எழுதியவர், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். நான் அவரிடம் உனக்காகப் பொய் சொன்னேன். அவர் என்னிடம் எனக்காக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னைக் காப்பாற்றியிருக்கிறோம்.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. சீட்டில் என்ன எழுதினோம் என்பது உனக்கு நினைவிருந்திருக்காது. ஆனால் ஒரு கார்டு போட்டு, ஏன் இப்படி வரைந்தீர்கள் அத்தான் என்று கேட்டிருக்கலாம். ஒரு சிப்பி வித்தியாசமாக வளர்ந்திருந்தால் ஆறு மாதம் உட்கார்ந்து ஏன் என்று பார்ப்பாய். மனுஷன் விஷயத்தில் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. ஓவியக்காரன் என்றாலே உணர்ச்சி, உணர்ச்சி என்றாலே பிழை என்ற முடிவு உன்னிடம் தயாராக இருந்தது.

முத்துச்சிப்பிக் குஞ்சுகள் முதல்முதலாக உன் தொட்டியில் பொரித்த மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? செருப்பில்லாமல் என் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாய். வகுப்பு வாசலில் நின்று, "எக்கா, நீந்துது, வந்து பாரு" என்றாய். நானும் அத்தானும் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தோம். உனக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எண்ணிக்கையை நோட்டில் எழுதினாய். அழுதபடி எண்ணினானே, கணக்கு சரியாக இருக்குமா என்று உன்னை யாராவது கேட்டார்களா? அந்தக் கணக்கும் உன் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதற்குச் சீட்டு ஒட்டவில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். அவர் சங்கைத்தான் பார்த்தார். சந்தோஷம் இருந்ததால்தான் பதினொரு நாள் பார்க்க முடிந்தது. சந்தோஷம் இல்லாதவன் அரை மணியில் எழுந்து போயிருப்பான், சில்லு அவன் கண்ணிலேயே பட்டிருக்காது. உனக்கும் அப்படித்தான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்தீர்கள் என்று அந்த மேசையில் காப்பி வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை நினைத்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

படங்கள் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பிழைத்திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்து, அவர் பெயர் பழைய இடத்துக்குத் திரும்பினால், இந்த முழங்காலோடு நானே ரயிலேறி நாற்பத்துமூன்றையும் கொண்டுவந்து தருவேன். வராவிட்டால் அவை இங்கேயே இருக்கும். உன் சீட்டை மட்டும் நான் யாருக்கும் காட்டமாட்டேன். பயப்படாதே. அவர் காட்டாததை நான் காட்டினால் நன்றாக இருக்காது. இந்தக் கடிதத்தோடு அதையும் உனக்கே அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் உன் இஷ்டம்.

பனியில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். சின்னவளுக்கு இருமல் என்றாயே, கவனமாக இரு. மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் பேச்சு நன்றாக அமையட்டும். அதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் செய். பேச்சை எழுதத் தொடங்கும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'கஸ்பார் மோத்தா நான் கேட்டதைத்தான் வரைந்தார்' என்று தமிழில் எழுது. எழுதும்போது எந்தச் சொல்லில் உன் கை நிற்கிறது என்று பார்.

உன் அக்கா,
விக்டோரியா