கூடவே புதைத்த கயிறு

ஜவ்வாது மலை
8 செப்டம்பர் 2024

சைலஸ்,

கண்டக்டர் காசி அண்ணன் பஸ்ஸில் நீ கொடுத்தனுப்பிய கவர் வந்தது. மெமரி கார்டு உடையவில்லை. கடிதம் இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் 'நாலாவது சாட்சி' பாட்காஸ்டின் புகழ். மிச்சத்தில் நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் சிக்னல் இல்லை, சோலார் பம்ப் ரிப்பேர் செய்யும்போது காதில் ஏதாவது ஓடினால் தேவலை என்று உன்னிடம் கேட்டது நான்தான். தப்பு என்னுடையது.

அந்தக் கிணற்றுப் பிணம் கதையைக் கேட்டேன். பிணம் கிடந்தது என்று சொல்வதற்கு முன்னால் காற்று வீசுகிறது, நரி ஊளையிடுகிறது, கதவு கிறீச்சிடுகிறது. நம் பக்கம் எந்தத் தகரக் கதவுடா அப்படிக் கிறீச்சிடுகிறது? 'யார் அந்த மர்ம நபர்?' என்று நிறுத்திவிட்டு மெத்தை விளம்பரம் போடுகிறான். செத்துப்போன பெண்ணின் பெயரை இடத்துக்கு ஒரு விதமாகச் சொல்கிறான். வீட்டு லைனில் பதினோராயிரம் வோல்ட் பாய்ந்ததாம். அப்படிப் பாய்ந்திருந்தால் அவள் மட்டுமா, அந்தத் தெருவே எரிந்திருக்கும். டிப்ளமோ முடித்த நீ இதைக் கேட்டுவிட்டு 'செம ரிசர்ச்' என்று எழுதுகிறாய். உனக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தவனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

சாவு எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். போன மாசியில் ஆனந்தன் மாமா புளி உலுக்க மரம் ஏறினார். கல்பனா அக்கா கீழே பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிளை முறிந்தது. அவ்வளவுதான். நரி ஊளையிடவில்லை. போலீஸ் வந்து எழுதினார்கள், போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலைக் கொடுத்தார்கள், புதைத்தோம். அவர் மரம் ஏறும் கயிற்றையும் கூடவே புதைத்தோம். மரத்திலிருந்து விழுந்தவனின் கயிறு திரும்ப வீட்டுக்குள் வராது. அடுத்த கயிற்றை அந்த வீட்டார் வாங்கவும் கூடாது. உறவில்லாத யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுவரை அந்த மரத்தில் ஏற மாட்டோம். இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், யார் கொடுப்பார்கள்? அக்காவின் மரம் சும்மா நிற்கிறது.

அக்கா உன்னை விசாரித்தாள். 'சைலஸ் தம்பி நம்ம சாமைச் சோத்த மறந்துட்டாரா?' என்றாள். நீ கொலை கேட்பதில் பிஸி என்று சொன்னேன்.

ஜீவானந்தம்


கணியம்பாடி
29 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜீவா,

நலம். நீயும் அக்காவும் நலமாக இருக்கக் கர்த்தர் அருள்வாராக. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் வலித்தது. ஒரு மனுஷனுக்குப் பிடித்ததை இப்படியா மிதிப்பது? கரெக்டாகச் சொல்லணும் என்றால், பகல் முழுக்க உடைந்த டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தக் குரல்தான் துணை. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் நீ பக்கத்துக் கட்டிலில் திட்டிக்கொண்டே இருப்பாயே, அந்த இடத்தில் இப்போது அதுதான் பேசுகிறது.

ஒரு சந்தோஷச் செய்தி. 'நாலாவது சாட்சி' நடத்துகிறவர் என் கமென்ட்டுக்குப் பதில் போட்டார்! 'உங்க ஏரியா கேஸ் எதுனா இருந்தா சொல்லுங்க ப்ரோ' என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

கொலை பிடிக்காது என்பதால் இந்தத் தடவை நாட்டு நடப்பு அனுப்புகிறேன். 'நடப்பு நாற்பது' என்று பெயர். படித்தவர்கள் பேசுகிறார்கள். நம் மலையைப் பற்றிக்கூட ஒன்று இருக்கிறது.

மாமாவின் கயிறு என் மனதை விட்டுப் போகவே இல்லை. அன்றைக்கு மரத்தடியில் அக்கா மட்டும்தான் இருந்தாளா? சும்மா கேட்டேன்.

கோபப்படாமல் பதில் எழுது.

உன் சைலஸ்


ஜவ்வாது மலை
20 அக்டோபர் 2024

சைலஸ்,

நடப்பு நாற்பது கேட்டேன். கொலைகாரர்களே தேவலை. அவர்களாவது ஒருத்தனைத்தான் சாகடிக்கிறார்கள்.

மலையைப் பற்றிப் பேசிய இருவரும் செங்கத்தைத் தாண்டி வந்ததே இல்லை என்று அவர்கள் சொல்லும் ரோட்டை வைத்தே தெரிகிறது. மலைவாழ் மக்களின் 'மௌனம்' என்று ஒருத்தர் உருகுகிறார். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு நாள் வரச் சொல். மைக் இல்லாமலே காது கிழியும். எங்களுக்கு டவர் தேவையா, அது எங்கள் வாழ்க்கையைக் கெடுக்காதா என்று இன்னொருத்தர் கவலைப்படுகிறார். போன மாதம் பெரியம்மாளுக்குப் பிரசவ வலி வந்தபோது 108-ஐக் கூப்பிட அவள் புருஷன் வேடியப்பன் பாறை உச்சிக்கு ஏறி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த ஆள் கவலைப்படுவதற்கும் நல்ல சிக்னல் வேண்டியிருந்திருக்குமே, அதைக் கேட்டுச் சொல்.

ஆமாம், மரத்தடியில் அக்கா மட்டும்தான் இருந்தாள். பெண்டாட்டி கீழே பொறுக்காமல் கலெக்டரா பொறுக்குவார்? என்ன கேள்வி இது? போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறாயா?

கார்டைத் திருப்பி அனுப்புகிறேன். பாட்டு ஏதாவது போட்டு அனுப்பு.

ஜீவா


ஜவ்வாது மலை
15 டிசம்பர் 2024

'மலையில் ஒரு மர்மக் கயிறு.' தலைப்பு நன்றாக இருக்கிறது. நீ வைத்ததா, அவன் வைத்ததா?

இதை நீ கார்டில் போட்டு அனுப்பவில்லை. எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். அக்கா சமையல் வேலை பார்க்கும் பெண்கள் விடுதியின் வார்டன் திருவண்ணாமலை போயிருந்தபோது போனில் இறக்கிக் கேட்டிருக்கிறார். மாமா பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே சொன்னால் கண்டுபிடிக்க முடியாதா என்ன? திரும்பி வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, 'கல்பனா, நீ கொஞ்ச நாளைக்கு வராத. சமைக்கிறது யாருன்னு பெத்தவங்க கேக்கறாங்கம்மா' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

'இன்னாடா ஜீவா, ரேடியோல நான் என் வூட்டுக்காரர கொன்னுட்டேன்னு சொல்றாங்களாமே?'

'அது ரேடியோ இல்லக்கா.'

'பின்ன இன்னா?'

என்ன என்று நீயே வந்து விளக்கு.

வார்டனிடம் வாங்கிக் கேட்டேன். 'விசாரணைக்கு முன்பே முக்கியத் தடயமான கயிறு புதைக்கப்பட்டது ஏன்?' போஸ்ட்மார்ட்டம் நடந்ததைச் சொல்லவே இல்லை. 'இன்றுவரை அந்த மரத்தை நெருங்க ஊர் பயப்படுவது ஏன்?' டொய்ங் என்று ஒரு சத்தம். 'குடும்பத்தில் இயந்திர அறிவுள்ள ஒரு இளைஞனும் இருந்திருக்கிறான்.' அது நான். பம்ப் ரிப்பேர் தெரிந்தவனுக்குக் கிளை ஒடிக்கவும் தெரியுமாம். பிறகு பற்பசை விளம்பரம்.

அதற்குப் பிறகு 'பாதுகாப்புக் கருதிக் குரல் மாற்றப்பட்ட' ஒருத்தன் வருகிறான். மாற்றம் என்ன மாற்றம்? சுருதியை இறக்கியிருக்கிறான், வேறொன்றும் இல்லை. லேப்டாப்பில் போட்டு ஏற்றினேன். வைத்த டீ ஆறுவதற்குள் நீ வந்துவிட்டாய். உண்மையில் அந்த வேலைகூட வேண்டாம். வாக்கியத்துக்கு வாக்கியம் 'கரெக்டா சொல்லணும்னா' போடுகிற பிராணி இந்தப் பக்கத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

நான் அந்தக் கயிற்றைப் பற்றி உனக்கு ஏன் எழுதினேன் என்று நினைத்தாய்? நீ மலைக்காரன் இல்லை, எங்களுக்குச் சொந்தம் இல்லை, அக்கா கையால் சாப்பிட்டவன். ஒரு கயிறு எடுத்துக்கொண்டு வருவாய் என்று எழுதினேன். வாய்விட்டுக் கேட்க எனக்கு வராது. நீ இங்கே கயிறு கொண்டுவரவில்லை. இங்கிருந்து கதையை எடுத்துக்கொண்டு போனாய்.

இன்னொன்று. 'கயிறையும் கூடவே புதைச்சிட்டாங்க' என்று நீ சொன்னதும் உனக்குப் பின்னால் ஓடும் ஃபேன் சத்தம் ஒரு துள்ளுத் துள்ளுகிறது. அந்த இடத்தில் வெட்டியிருக்கிறான். ஸ்டூடியோவில் ஃபேன் ஓடாது. அதனால் உன் போனில் நீயே பதிவு செய்து அனுப்பியிருக்கிறாய். வெட்டின இடத்தில் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். அக்காவின் வேலை அதில் இருக்கிறது. முழுப் பதிவையும் அனுப்பு. மன்னிப்பு, ஜெபம் எதுவும் எழுதாதே. படிக்க நேரமில்லை.

ஜீவானந்தம்


கணியம்பாடி
22 டிசம்பர் 2024

ஜீவா,

முழுப் பதிவு இந்தக் கார்டில் இருக்கிறது. நான் பேசியது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு இடத்தை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே வெட்ட வேண்டும் என்றும் தெரியும். கடைசியில் வருகிறது. வெட்டவில்லை. நீயே கேள்.

எபிசோடை எடுத்துவிடச் சொல்லி அவரிடம் பேசினேன். 'நல்லா போய்ட்டு இருக்கு ப்ரோ, இப்ப போய் எடுக்கச் சொல்றீங்களே' என்றார். மறுபடி கூப்பிட்டேன். இப்போது என் நம்பரை எடுப்பதில்லை. என் பெயரிலேயே கமென்ட்டில் உண்மையை எழுதினேன். அழித்துவிட்டார்.

நீ எழுதாதே என்று சொன்னதை எழுதவில்லை. அக்காவிடம் சொல்லவும் எனக்கு ஒன்றும் இல்லை. கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் வேலை நடக்கிறது. நட்சத்திரத்துக்கு லைட் போட என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

சைலஸ்


ஜவ்வாது மலை
2 பிப்ரவரி 2025

சைலஸ்,

கேட்டோம். நான் தனியாகக் கேட்கத்தான் நினைத்தேன். 'என்னப் பத்தி பேசறத எனக்குப் போடாம நீ மட்டும் கேப்பியா?' என்று அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கயிற்றின் வழக்கத்தை நீ சரியாகச் சொல்லியிருக்கிறாய். போஸ்ட்மார்ட்டம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாய். உறவில்லாதவர் கயிறு கொடுக்கும்வரை மரம் ஏற மாட்டார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறாய். அவன் அத்தனையையும் வெட்டி எறிந்திருக்கிறான். அதுவரை நீ யோக்கியன்தான். பிறகு அவன் ஸ்பீக்கரில், 'உங்களுக்கு பர்சனலா இன்னா தோணுது ப்ரோ?' என்கிறான். அப்புறம் நீ சொல்கிறாய்: 'கரெக்டா சொல்லணும்னா, எனக்கே ஒரு டவுட் இருக்குதுங்க.' சொல்லிவிட்டுச் சிரிக்கிறாய். டவுட்டைக்கூட விட்டுவிடுவேன். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, பெரிய மனுஷன் முன்னால் நாற்காலி கிடைத்தவனின் சிரிப்பு. உன் போன் பதிவில் அது ரொம்பத் தெளிவாகக் கேட்கிறது. மைக் நல்ல மைக்.

அக்கா, 'அத இன்னொரு தபா போடு' என்றாள். போட்டேன். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. 'பயந்தவனா இருந்தா இத அறுத்துட்டு அனுப்பிச்சிருப்பான்' என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உனக்கு எடிட்டிங் வராது என்றுதான் தோன்றியது.

லேப்டாப்பை அவளே தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனாள். நான் கூடப் போனேன். வார்டன் முதலில், 'எதுக்கும்மா இதெல்லாம்' என்றார். 'கேளுங்க மேடம். மெத்த, பல்பொடி எதுவும் நடுவுல வராது' என்றாள் அக்கா. முழுவதையும் கேட்டார், உன் சிரிப்பு உட்பட. பொங்கல் கழித்து வேலைக்கு வரச் சொன்னார். இப்போது போய்க்கொண்டிருக்கிறாள். வாரச் சந்தையில் அவள் கடை போட்டால் சிலர் காய் வாங்காமல் நகர்கிறார்கள். நகரட்டும். உன் ஆள் 'பாகம் இரண்டு விரைவில்' என்று போட்டிருக்கிறானாம். உன் டவுட்டையும் சிரிப்பையும் அதற்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறான் போல. போடட்டும். அந்த நாய்க்கு நான் ஒரு கடிதம்கூட எழுதப் போவதில்லை.

இனி விஷயம். மரத்தில் காய் முற்றிவிட்டது. உலுக்க வேண்டும். நேற்று அக்கா சொன்னாள்:

'அந்த ஆள கயிறு எடுத்துனு வரச் சொல்லு.'

'எந்த ஆள?'

'அதான், உன் சிரிப்புக்காரன.'

'அவன் எதுக்குக்கா? அவனுக்கும் நமக்கும் இனிமே இன்னா இருக்குது?'

'ஒண்ணும் இல்லல்ல? அதான்டா வோணும்.'

முன்பு நீ வந்திருந்தால் எனக்கே ஒரு தயக்கம் இருந்திருக்கும். அக்கா தம்பி என்று கூப்பிட்டுச் சோறு போட்ட ஒருத்தனை எப்படி உறவில்லாதவன் என்பது? ஊர்ப் பெரியவர்கள் ஏதாவது சொல்வார்களோ என்று யோசித்திருப்பேன். இப்போது ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்த மலையைச் சுற்றி உன்னைவிட உறவில்லாதவன் எங்களுக்குக் கிடையாது.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வா. கோவில் முடிந்துதான் வருவேன் என்றால் அடுத்த ஞாயிறு வா. போனைக் காசி அண்ணனிடம் கொடுத்துவிட்டு இறங்கு. கயிற்றை அக்கா கையில் கொடு. என்னிடம் பேச வராதே, கயிறு கைக்கு வந்ததும் நான் மரத்தில் ஏறிவிடுவேன். கயிறு கொண்டுவந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று அக்கா சாமை குத்தி வைத்திருக்கிறாள். எனக்குச் சம்மதமில்லை. என்னை அவள் கேட்கவும் இல்லை.

தேங்காய் நார்க் கயிறாகப் பார்த்து வாங்கு. படவேட்டில் நல்லதாகக் கிடைக்கும். கடைக்காரன் நைலான் உறுதி என்று சொல்வான். அவன் பேச்சைக் கேட்காதே. நைலான் கையில் வழுக்கும்.

ஜீவானந்தம்