கௌபாய்களுக்கு அப்பா கொடுத்த தமிழ்

தாம்பரம்,
12-12-1976

அன்புள்ள ஆசீருக்கு அம்மா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. நான் சுகம், அப்பா சுகமில்லை, காய்ச்சலோ இருமலோ என்றால் டாக்டரைப் பார்க்கலாம், இது உன் கடிதத்தால் வந்தது. நீ அங்கே சுகமாயிருக்கிறாய் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம், ஏனென்றால் நாலு பக்கக் கடிதத்தில் என்ன சாப்பிடுகிறாய், பனிக்குக் கோட்டு வாங்கினாயா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை, கௌபாய் படத்துப் போலீஸ்காரன் ஷெரிப் என்ன சொன்னான் என்பது மட்டும் விவரமாக இருந்தது.

நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவின் டெலிவிஷனில் சாயங்காலமானால் பழைய கௌபாய் கதைகளைத் திரும்பப் போடுகிறார்கள், ஹாரிஸ் இங்கே காட்டியதும் அதில் வருகிறது, பழைய சிநேகிதர்களைப் பார்த்ததுபோல் இருந்தது என்று எழுதியிருந்தாய். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். காலேஜில் பாடம் சொல்ல வந்த அந்த அமெரிக்கர் ஹாரிஸ், தன் ஊரில் டெலிவிஷன் நிலையத்தில் வேலை பார்த்த தம்பியிடமிருந்து ஏழெட்டுப் படச் சுருள்களைத் தருவித்து, சனிக்கிழமைதோறும் சபைக் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டி ஓட்டுவாரே, நடுவில் தையல் இருந்ததால் ஒவ்வொரு குதிரையும் இடுப்பில் ஒரு மடிப்போடு ஓடும். எனக்கு அந்த வீரர்கள்மேல் ஆசைதான், ஆனால் ஒருவனும் சட்டை மாற்றி நான் பார்த்ததில்லை, ஆயிரம் மாடுகளை ஓட்டிப் போவார்கள், ஒருவனுக்கும் பால் கறக்கத் தெரியாது. நியாயத்தை நிலைநாட்டிவிட்டு அவன் பாட்டுக்குக் குதிரை ஏறிப் போய்விடுவான், உடைந்த நாற்காலிகளையும் கண்ணாடியையும் பெருக்கி அள்ளினது யார் என்று கடைசிவரை காட்டமாட்டார்கள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் போய் உட்கார்ந்தேன்.

அப்பாவை ஹாரிஸ் ஏன் பிடித்தார் என்பது உனக்குத் தெரியும். வருஷா வருஷம் கன்வென்ஷன் மேடையில் வெள்ளைக்காரப் பிரசங்கியாரின் பக்கத்தில் நின்று ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் தமிழில் சொல்கிறவர் அவர்தானே, பிரசங்கத்தைச் சொல்கிறவர் படத்தைச் சொல்லமாட்டாரா என்று திரைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். பிரசங்கியார் இவருக்காக நிறுத்துவார், கௌபாய் நிறுத்துவானா. அங்கே ஆள் செத்து, தொப்பி தனியே உருண்டு போன பிறகும் அப்பா அவனுடைய கடைசி வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். அதுவும் எந்தத் தமிழில், சூரியன் அஸ்தமிக்குமுன்னே நீ இவ்வூரைவிட்டுப் புறப்பட்டுப் போவாயாக என்று ஷெரிப் சொல்வான், மனுஷனே உன் வார்த்தை எனக்குக் கசப்பாயிருக்கிறது என்று திருடன் பதில் சொல்வான். பாய் விரித்துக் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிற சபைக்கு எதைக் கேட்க வைக்கலாம் என்பதையும் அவரே தீர்மானித்தார். விஸ்கி கஷாயமாயிற்று. காலைத் தூக்கி ஆடினவள் பாட்டு டீச்சரானாள். மேசையைச் சுற்றிச் சீட்டாடினவர்களைச் சபைக் கமிட்டி கூடியிருக்கிறது என்றார், அதனால்தான் சீக்கிரமே ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள் என்பதை ஜனங்கள் தயங்காமல் நம்பினார்கள். செத்தவர்கள் எல்லோரும் மயங்கி விழுந்தவர்கள். கீரைக்காரி எல்லம்மா, இன்னா சார் இத்தினி பேரு மயக்கம் போட்டு வுயுந்து கெடக்குறானுங்க, ஒருத்தன் மூஞ்சிலயாச்சும் தண்ணி தெளிக்கக் கூடாதா என்று கேட்டாள். அப்பா அசரவேயில்லை, பாலைவனம் பாரு எல்லம்மா, தண்ணிக்குப் பஞ்சம் என்றார். பி.ஏ. படித்த எனக்கு அங்கே நிஜமாக என்ன பேசினார்கள் என்பது காதில் விழாமலா இருக்கும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அவ்வளவுதான்.

நீ அதையெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, அவன் சொன்னது இது, அப்பா சொன்னது இது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதி, கடைசியில் இத்தனை வருஷம் எங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறீர்கள் அப்பா என்று முடித்திருந்தாய். வேடிக்கையாகத்தான் எழுதினாய் என்று நான் நம்புகிறேன், அமெரிக்கா போனவர்களுக்கு வேடிக்கை எது என்பது கொஞ்சம் மறந்துபோகும் போலிருக்கிறது. உன் கடிதம் வந்தால் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசிப்பார் என்பதை நீ யோசிக்கவில்லை. அன்றைக்குப் போதகர் ஏசுதாசன் இருந்தார், பக்கத்து வீட்டு அருள்மேரி டீச்சர் இருந்தாள், எல்லம்மா கீரைக் கூடையோடு வாசற்படியில் இருந்தாள். வழக்கமாக உன் கடிதத்தையும் அப்பா கொஞ்சம் திருத்தித்தான் வாசிப்பார், பரீட்சை கஷ்டம் என்று நீ எழுதினால் பாடமெல்லாம் நன்றாய்ப் புரிகிறதாம் என்பார். இந்தத் தடவை அந்தப் பட்டியல் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், பொய் என்கிற சொல்லையும் விடாமல், கடைசிவரை வாசித்தார். போதகர் சிரித்து, என்ன வேதசிரோமணி வாத்தியாரே, பையன் உங்களுக்கே மார்க் போட்டுட்டானே என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எல்லம்மா மட்டும், அங்க போயி ரெண்டு வருசம்கூட ஆவல, அதுக்குள்ள அப்பன் சொன்னது பொய்யா பூட்ச்சா தொரைக்கு என்றாள். உனக்கு அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அந்த வாரமே போதகர் ஜனவரி கன்வென்ஷனைப் பற்றிப் பேச வந்தார். அப்பா, உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளா பார்த்துக்கோங்க ஐயா, என் பிள்ளைக்கே என் மேல நம்பிக்கை இல்லை, நான் அந்த மேடையில நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். போதகர் எவ்வளவோ சொன்னார், நானும் சொன்னேன், கேட்கவில்லை. பிரசங்கத்திலும் அப்பா கை வைத்திருப்பாரோ என்று கேட்டு மேற்கொண்டு ஒரு பட்டியல் போடாதே, ஒரு மணி நேரப் பிரசங்கத்தை முக்கால் மணியில் முடித்துக்கொடுத்தது பாவமென்றால் அந்தப் பாவத்தின் பலனைச் சபை முழுதும் அனுபவித்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு ஒரு அமெரிக்கர் வந்தார், பேங்கில் வேலை பார்க்கும் சுந்தர்சிங்கை மொழிபெயர்க்க நிறுத்தினார்கள். ஒரு சொல் தப்பவில்லை. ஒருவரும் விழித்திருக்கவுமில்லை. அமெரிக்கர் ஒரு தமாஷ் சொன்னார், சுந்தர்சிங் அதையும் மிகச் சரியாகச் சொன்னான், பிறகு இருவரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. வீட்டிலும் இப்போது அவர் சொல்வதெல்லாம் சத்தியம்தான். குழம்பு எப்படி என்றேன், உப்புக் குறைவு, புளி அதிகம் என்றார். இத்தனை வருஷமும் நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்ன மனுஷன். நீ அங்கே ஆரம்பித்து வைத்த உண்மை என் அடுப்படிவரை வந்துவிட்டது.

உன் பட்டியலில் எட்டாவதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். சுடப்பட்ட பையன் செத்துப்போகிறான், அவனைப் புதைக்கிறார்கள், அப்பா பிழைத்துவிட்டான் என்று சொன்னார், இது எப்படி என்று கேட்டிருக்கிறாய். நீ அப்போது பையன்களோடு முன்னால் உட்கார்ந்து வாயால் சுட்டுக்கொண்டிருந்தாய், பின்னால் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாய். எல்லம்மாவின் மூத்தவன் டைபாய்டில் போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று அவள் வந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தத் தாய் பையன் தலையை மடியில் வைத்துக்கொண்டதும் இவள் எழுந்து நின்று, சார் அது பொயச்சிக்குமா என்று கேட்டாள். எதற்கும் பின்வாங்காத அப்பா அன்றைக்கு மாத்திரம் இரண்டு மூன்று வாக்கியங்களை விட்டுவிட்டார். பிறகு, பிழைச்சுக்குவான் எல்லம்மா, டாக்டர் வந்தாச்சு என்றார். அடுத்து குழி தோண்டுவதைக் காட்டினார்கள், அது வேறு யாரோ என்றார். எல்லம்மாவுக்குக் கண் இல்லையா. குழியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சரி சார் என்று உட்கார்ந்தாள். இதைப் பொய் என்று எந்தப் பத்தியில் போடுவது என்று நானும் இந்த வாரம் முழுக்க யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் நல்லது, நீ எம்.எஸ். படிக்கிறவன்.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே. எழுதினால் அதையும் ஞாயிற்றுக்கிழமை சத்தமாக வாசித்துவிட்டு இன்னும் வீம்பாக இருப்பார். அந்த டெலிவிஷன் முன்னால் திரும்ப உட்காரும்போது, தமிழில் எப்படிச் சொல்வதென்று உனக்கே தெரியாத ஒரு இடம் வரும், கட்டாயம் வரும், அதை அப்படியே இங்கிலீஷில் எழுதி, இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று மட்டும் கேள். அவரைச் சமாதானப்படுத்துவதற்காகத் தெரிந்த இடத்தையே கேட்காதே, அவர் கண்டுபிடித்துவிடுவார், பிறகு அந்த மேடைக்கு அவரை யாராலும் ஏற்ற முடியாது. கன்வென்ஷன் ஜனவரி மூன்றாம் வாரம், நோட்டீஸ் அச்சுக்குக் கொடுப்பதைப் போதகர் எனக்காகத் தள்ளிவைத்திருக்கிறார், ஆகையால் இது கிடைத்த அன்றைக்கே எழுதிப் போடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல சுகமும், வேலைக்கேற்ற புத்தியும், பேச்சில் கொஞ்சம் தாட்சண்யமும் தந்தருள வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். கோட்டு வாங்கு. பதிலை எனக்கு எழுத வேண்டாம், விலாசத்தில் அப்பா பெயர் மட்டும் இருக்கட்டும்.

உன் அன்புள்ள அம்மா,
ரத்தினபாய் வேதசிரோமணி