கரித்தூள் தேய்த்த பல்

“பல்ல அடைச்ச இடம் கோப்பி கலர் ஆயிருச்சு லா. நாளைக்கு மக நிச்சயதார்த்தத்துல நான் படத்துக்கு நிக்கல.”

“அப்ப நானும் நிக்கல.”

காலையில் இப்படிப் பேசிவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள்.

ஏங்க, ஜெலாப்பாங்கில் இருக்கும் பல் டாக்டரிடம் போனில் கேட்டேன். கறை போக நீங்கள் தோட்டத்து வேலையில் இருந்த காலத்துப் பழக்கத்தில் கரித்தூள் போட்டுத் தேய்த்தீர்களே, அதில்தான் அடைப்பின் மேல்பகுதி சொரசொரப்பாகி இன்னும் கறை பிடித்திருக்குமாம். பாலிஷ் செய்து பார்க்கலாம் என்று சாயங்காலம் வரச் சொன்னார். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சாப்பிட்டுப் போங்கள். நான் பூ வாங்கப் போகிறேன்.

— தனலெட்சுமி

பி.கு. கறை போகாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பல் உடைந்து அடைத்ததிலிருந்து எல்லாப் படத்திலும் நீங்கள் பின்வரிசையில்தான். இத்தனை வருடமாகக் கேட்கத் தயங்கினேன். நாளைக்கு என் பக்கத்தில் நின்று சிரிங்க.